நபிகள் வாழ்ந்ததற்கு ஆதாரம் இருநூறு வருடம் கழித்துத்தான் கிடைக்கிறதா?

கடலோரவாசி:
வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. முஹம்மது என்று ஒருவர் வாழவே இல்லை, அப்பாசிய கலீபாக்கள் பாக்தாதில் ஆள் வைத்து எழுதிய கதைதான் அத்தனையும், மக்கா என்ற ஊரே அப்போது கிடையாது, உண்மையான ஊர் ஜோர்டானில் இருக்கும் பெட்ரா, என்று பேசுபவர் அடுக்கிக்கொண்டே போகிறார். நான் முஸ்லிம் இல்லை, இந்த விஷயத்தில் எனக்கு யாரோடும் வாய்க்கால் வரப்புத் தகராறும் இல்லை. ஆனால் அவர் சொல்வதில் ஒன்று மட்டும் உறுத்துகிறது. நம் கையில் இருக்கும் முதல் வாழ்க்கை வரலாறு, நபி இறந்து ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்து வந்தது என்கிறார். உண்மையா? உண்மை என்றால் நடுவில் என்னதான் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அடிதடி வேண்டாம்.

சந்தேகப்பேர்வழி:
அந்த ஒரு விஷயம் உண்மைதான். நபியின் வாழ்க்கை வரலாறாக இப்னு இஸ்ஹாக் எழுதிய மூல நூல் இன்று இல்லை. அவர் இறந்தது 767 வாக்கில். அதைச் சுருக்கித் திருத்தி இப்னு ஹிஷாம் கொடுத்ததுதான் எல்லாரும் படிப்பது, அவர் காலமானது 833 வாக்கில். நபி இறந்ததாக மரபு சொல்லும் ஆண்டு 632. நீங்களே கழித்துப் பாருங்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இப்னு ஹிஷாம் தன் முன்னுரையிலேயே, பேசுவதற்கே கூச்சமானவற்றையும் சிலர் மனத்தைப் புண்படுத்தக்கூடியவற்றையும் விட்டுவிட்டதாகச் சொல்லிவிடுகிறார். ஆக நமக்கு வந்திருப்பது வெட்டியது போக மிச்சம். ஹதீஸ், அதாவது நபி சொன்னது, செய்தது பற்றிய அறிவிப்புகள் பக்கம் போனால், அவற்றைத் தொகுத்த புகாரி இறந்தது 870. ஹதீஸ்களில் பெரும்பகுதி பிற்காலத்து அரசியல், சட்டச் சண்டைகளின் எதிரொலி என்று ஆய்வாளர் கோல்ட்சிஹர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுதிவிட்டார். யாரிடம் யார் கேட்டார் என்று சொல்லும் அறிவிப்பாளர் சங்கிலிகள் காலம் போகப்போகப் பின்னோக்கி வளர்ந்து நபி வரை போய் ஒட்டிக்கொண்டன என்று 1950-ல் இன்னொரு ஆய்வாளர் ஷாஹ்த் எழுதினார். இவர்கள் யூடியூப் ஆட்கள் இல்லை.

அபூ ரய்யான்:
சார், புத்தகம் எழுதி முடித்த தேதியை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி? இப்னு இஸ்ஹாக் மதீனாவில் வளர்ந்தவர். அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் ஸுஹ்ரீ, இறந்தது 742. ஸுஹ்ரீயின் ஆசிரியர் உர்வா இப்னு ஸுபைர், இறந்தது 713 வாக்கில். உர்வா யார் தெரியுமா? நபி (ஸல்) அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அக்கா மகன். சித்தியிடம் வீட்டுக்குள்ளேயே கேட்டு வளர்ந்த ஆள். கலீபா அப்துல் மலிக் கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில் கடிதங்களைப் பிற்கால வரலாற்றாசிரியர் தபரீ தன் வரலாற்றில் எடுத்துப் போட்டிருக்கிறார். இருநூறு வருட இருட்டு என்பதெல்லாம் சும்மா.

யார் யாருக்குச் சொன்னார் என்ற சங்கிலி தமிழ் படித்தவர்களுக்கும் புதிதில்லை. இறையனார் களவியல் உரையை நக்கீரர் தன் மகன் கீரங்கொற்றனாருக்கு உரைத்தார், அவர் தேனூர்கிழாருக்கு உரைத்தார் என்று முசிறி நீலகண்டனார் வரை பெயர் பெயராக வருகிறதே.

சந்தேகப்பேர்வழி:
களவியல் உரையை நீங்களே இழுத்தது நல்லதாகப் போயிற்று பாய். அந்தச் சங்கிலியின் தலைமாட்டில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். மதுரை ஆலவாயில் சிவபெருமான் செப்பேட்டில் அறுபது சூத்திரம் எழுதிப் பீடத்தின் கீழே போட்டார் என்று வருகிறது. முதற்சங்கம் 4440 ஆண்டு நடந்ததாகவும் அதே உரைதான் சொல்கிறது. பெயர்கள் வரிசையாக இருக்கின்றன என்பதற்காக அதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்கிறோமா?

அபூ ரய்யான்:
உங்கள் சங்கிலியில் நடுவில் இருக்கும் ஒவ்வொருவரும் எப்படிப்பட்டவர், நினைவாற்றல் எப்படி, யாரைச் சந்தித்தார், பொய் சொல்பவரா என்று யாரும் தனியாகப் பட்டியல் போட்டு விசாரிக்கவில்லையே சார். ஹதீஸ் கலையில் அதற்கென்றே நூல்கள் இருக்கின்றன. இப்னு இஸ்ஹாக்கையே இமாம் மாலிக் தஜ்ஜால், அதாவது பெரும் பொய்யன் என்று திட்டியிருக்கிறார். எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களையே விட்டுவைக்கவில்லை.

ஓலைச்சுவடி:
நீங்கள் இரண்டு பேரும் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள். வீடியோக்காரரும் அதைத்தான் செய்கிறார். 7-ஆம் நூற்றாண்டு அரேபியாவில் முஹம்மது என்ற பெயரில் ஒரு மதத் தலைவர் இருந்தாரா என்பது ஒரு கேள்வி. அவர் எந்த வருடம் பிறந்தார், எந்தப் போரில் யாரிடம் என்ன சொன்னார் என்று ஸீரா, அதாவது நபி வரலாற்று நூல்கள் சொல்வதெல்லாம் சரியா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் சொல்வது படு சிக்கல். முதலாவதற்கு இப்னு ஹிஷாம் பக்கமே போகவேண்டியதில்லை, வெளியார் எழுதியதே போதும்.

634-ல் நடப்பதாக அமைந்த ஒரு கிரேக்க உரையாடல் நூல் இருக்கிறது, கட்டாய ஞானஸ்நானம் பெற்ற யாக்கோபு என்ற யூதர் பேசுவதாக எழுதியது. அதில் ஒருவர், சாரசேனர்களோடு (அரபிகளோடு) ஒரு தீர்க்கதரிசி வந்திருக்கிறாராமே என்று விசாரிக்கிறார். வேதம் படித்த ஒரு கிழவர், வாளோடும் தேரோடுமா தீர்க்கதரிசி வருவார், அவர் பொய்யர் என்கிறார். மரியாதையான பேச்சு இல்லைதான், ஆனால் எதிரி எழுதியது என்பதாலேயே அதற்கு மதிப்பு. யாரும் நம்பவைப்பதற்காக இதைப் புனையவில்லை.

அடுத்தது சிரியாக் மொழியில் தோமா என்ற பாதிரியார் எழுதியது, 640 வாக்கில். 634 பிப்ரவரி 4, வெள்ளிக்கிழமை, காஸாவுக்குக் கிழக்கே பன்னிரண்டு மைலில் ரோமர்களுக்கும் முஹம்மதின் அரபிகளுக்கும் சண்டை நடந்தது என்கிறார். ஏழைக் கிராமத்தார் நாலாயிரம் பேர் செத்தார்கள், கிறிஸ்தவர், யூதர், சமாரியர் என்று பிரித்தும் சொல்கிறார். பெயர், தேதி, கிழமை, இடம் எல்லாம் இருக்கிறது. 660-கள் வாக்கில் ஆர்மீனிய மொழியில் செபேயோஸ் பெயரில் வரும் வரலாறு, மஹ்மெத் என்ற வணிகர் ஆபிரகாமின் கடவுளைப் பற்றிப் போதித்தார், செத்த பிராணி தின்னாதே, மது குடிக்காதே, பொய் சொல்லாதே, விபச்சாரம் செய்யாதே என்று சட்டம் வைத்தார் என்கிறது. ஆர்மீனியக் கிறிஸ்தவர் ஒருவருக்கு இது அடுத்த தலைமுறைக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. பாக்தாத் நகரம் கட்டப்பட்டதே 762-ல்தான்.

சந்தேகப்பேர்வழி:
சரி, ஒவ்வொன்றாக எடுப்போம். யாக்கோபு நூலில் முஹம்மது என்ற பெயரே கிடையாது. அதோடு அந்தத் தீர்க்கதரிசி உயிரோடு படையோடு வருவதாக இருக்கிறது. மரபுப்படி அவர் 632-லேயே இறந்தாயிற்று. யார் சொல்வது சரி? தோமா எழுதியது நமக்குக் கிடைப்பது 8-ஆம் நூற்றாண்டுப் பிரதியில். செபேயோஸ் பிரதிகள் அதைவிடப் பல நூற்றாண்டு பிந்தியவை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை இஸ்லாமிய அரசின் சொந்த ஆவணங்கள். முதல் அறுபது வருடத்து நாணயங்களில் நபி பெயர் எங்கே? உமையா வம்சத்துக் கலீபா முஆவியா காலத்தில் ஹம்மத் காதேர் வெந்நீர்க் குளியல் கட்டடத்தைப் பழுதுபார்த்து 662-ல் ஒரு கிரேக்கக் கல்வெட்டு வைத்தார்கள். முஆவியாவை விசுவாசிகளின் தலைவர் என்கிறது, அரபிகளின் கணக்கில் 42-ஆம் ஆண்டு என்கிறது. ஆனால் தொடக்கத்தில் இருப்பது சிலுவை! இஸ்லாம் இன்று இருக்கிற வடிவத்தில் அன்றே முழுசாக இருந்தது என்றால் இது எப்படி?

தேன்மொழி:
உள்ளே வரலாமா? எனக்கு இந்த விவாதத்தில் பிடித்த ஆவணம் ஒரு ஆட்டு ரசீது. யாரும் அதைப் பற்றி வீடியோ போடுவதில்லை.

வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கும் பாப்பிரஸ் தாள், எண் 558. எகிப்தில் ஹெராக்லியோபோலிஸ் என்ற ஊரில் எழுதியது. அரபுப் படைத்தலைவர் அப்துல்லாஹ் இப்னு ஜாபிர் தன் ஆட்களுக்காக அந்த ஊர் அதிகாரிகளிடம் அறுபத்தைந்து ஆடு வாங்கியதற்கான சீட்டு. மேலே கிரேக்கம், கீழே அரபு. அரபுப் பகுதி அளவற்ற அருளாளன் நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் பெயரால் என்று தொடங்குகிறது, ஆடுகளை ஐம்பது, அப்புறம் பதினைந்து என்று பிரித்துச் சொல்கிறது, கப்பல் ஆட்களுக்கும் குதிரைப் படைக்கும் கவசம் போட்ட காலாட்படைக்கும் என்கிறது, எழுதியவர் பெயரும் கடைசியில் இருக்கிறது. தேதி ஜுமாதல் ஊலா மாதம், ஆண்டு இருபத்திரண்டு. கிரேக்கத் தேதியை வைத்துக் கணக்கிட்டால் 643 ஏப்ரல் 25. சில எழுத்துகளுக்குப் புள்ளி வைத்தே எழுதியிருக்கிறார்கள், ஆரம்பகால அரபு எழுத்தில் புள்ளியே கிடையாது என்று சொல்பவர்கள் பார்க்கவேண்டியது.

இது கதை சொல்ல எழுதியது இல்லை, ஆட்டுக்காரனுக்குக் கணக்குக் காட்ட எழுதியது. பிஸ்மில்லாஹ் இருக்கிறது, இஸ்லாமிய மாதப் பெயர் இருக்கிறது, 622-ஐ முதலாண்டாக வைத்த கணக்கு இருக்கிறது. நபி இறந்து பதினோரு வருடத்தில் எகிப்தில் ஒரு படை எழுத்தர் இதைச் சர்வசாதாரணமாக எழுதுகிறார்.

அடுத்த வருடமே இன்னொன்று. சவூதியில் அல்ஹிஜ்ருக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் ஸுஹைர் என்பவர், உமர் இறந்த காலத்தில் எழுதினேன், ஆண்டு இருபத்து நான்கு என்று பொறித்திருக்கிறார். இரண்டாம் கலீபா உமர் யார், எப்போது இறந்தார் என்று மரபு சொல்வதோடு இது அப்படியே பொருந்துகிறது.

கடலோரவாசி:
ஆட்டு ரசீது அருமை. ஆனால் சந்தேகப்பேர்வழி கேட்டதற்குப் பதில் வரவில்லையே, ரசீதிலும் பாறையிலும் நபி பெயர் இல்லைதானே?

ஓலைச்சுவடி:
இல்லைதான். முஹம்மது அல்லாஹ்வின் தூதர் என்ற வாசகம் தேதியோடு முதலில் வருவது 622-ல் தொடங்கும் இஸ்லாமியக் கணக்கில் ஹிஜ்ரி 66, அதாவது 685 வாக்கில், பாரசீகத்தின் பிஷாபூரில் அடித்த வெள்ளிக் காசில். அதை அடித்தது முஆவியா வழிவந்த உமையா கட்சி இல்லை, கலீபா பதவிக்காக அவர்களோடு மல்லுக்கு நின்ற அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் கட்சி. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது யார் உண்மையான வாரிசு என்ற போட்டியில் நபியின் பெயர் கொடியில் ஏறுகிறது. ஜெயித்த அப்துல் மலிக் அதையே பிடுங்கிக்கொண்டு ஜெருசலேமில் பாறைக் குவிமாடத்தின் உள்ளே மொசைக்கில் பெரிதாக எழுதுகிறார், ஹிஜ்ரி 72-ல், நம் கணக்கில் 691 அல்லது 692. முஹம்மது அல்லாஹ்வின் அடியார், தூதர் என்பது அதில் திரும்பத் திரும்ப வருகிறது.

இதில் ஒரு வேடிக்கை. அப்பாசிய கலீபா மாமூன் பின்னால் வந்து அப்துல் மலிக் பெயரைப் பெயர்த்துவிட்டுத் தன் பெயரை அங்கே வைத்தார். ஆனால் தேதியை மாற்றவில்லை. மாமூன் ஆண்டது 813 முதல் 833 வரை, கல்வெட்டு மட்டும் 72 என்றே நிற்கிறது. அப்பாசியர் எல்லாவற்றையும் புனைந்தார்கள் என்பவர்களுக்கு இதைக் காட்டவேண்டும். ஒரு கட்டடத்தில் பெயர் மாற்றியதையே ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை, ஸ்பெயினிலிருந்து சிந்து வரை பரவியிருந்த மக்களின் நினைவை மொத்தமாக மாற்றிவிட்டார்களாம்.

அரசு ஆவணங்களின் மௌனத்துக்கு வரலாற்றாய்வாளர் ஃப்ரெட் டானர் ஒரு விளக்கம் தருகிறார். ஆரம்பத்தில் அது விசுவாசிகள் இயக்கமாக இருந்தது, ஒரே கடவுளை நம்பிய கிறிஸ்தவரும் யூதரும்கூட அதில் சேர இடமிருந்தது, தனி மதம் என்ற வேலி பிறகுதான் இறுகியது என்பது அவர் வாதம். எல்லாரும் ஏற்கவில்லை. என் பார்வையில் அவர் கிறிஸ்தவர்களுக்குக் கொஞ்சம் தாராளமாகவே இடம் விடுகிறார். ஹம்மத் காதேர் சிலுவைக்கு அவ்வளவு பெரிய விளக்கம் தேவையில்லை, உள்ளூர்க் கிறிஸ்தவக் கல்தச்சன் எப்போதும் வெட்டுகிற மாதிரி வெட்டியிருப்பான்.

அபூ ரய்யான்:
குர்ஆனை ஏன் யாரும் பேசவில்லை? பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் இரண்டு ஏடுகளைக் கார்பன் சோதனை செய்து 2015-ல் அறிவித்தார்கள். 568 முதல் 645 வரை, 95.4 சதவீத உறுதி. நபி (ஸல்) வாழ்ந்த காலமேதான். கஹ்ஃப், மர்யம், தாஹா சூராக்களின் (அத்தியாயங்களின்) பகுதிகள், இன்று நாங்கள் ஓதுவதேதான்.

சந்தேகப்பேர்வழி:
கார்பன் சோதனை சொல்வது ஆட்டுத்தோலின் வயதை, மையின் வயதை இல்லை. ஆடு செத்த தேதிதான் அது. அதிலும், யமனில் ஸனா மசூதியில் 1972-ல் கூரை பழுதுபார்க்கும்போது கிடைத்த அழித்தெழுதிய ஏட்டை ஃபிரான்ஸில் ஒரு கூடத்தில் சோதித்தபோது, சில தாள்களுக்கு நபி பிறப்பதற்கு முந்தைய காலம் வந்தது. அதை நம்பினால் உங்களுக்குத்தான் சிக்கல். அதே ஸனா ஏட்டின் அடியில் அழிக்கப்பட்ட எழுத்தில் சொற்களும் சூரா வரிசையும் இன்றைய குர்ஆனிலிருந்து மாறுபடுகின்றன. அதையும் சொல்லுங்கள்.

தேன்மொழி:
மாறுபடுகின்றன, ஆனால் எந்த மாதிரி மாறுபாடு என்பதும் முக்கியம். இருப்பது அதே சூராக்கள்தான். சொல் முன்பின்னாக, ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லாக, சூராக்களின் வரிசை வேறாக வருகிறது. நபியின் தோழர்கள் சிலர் வைத்திருந்த படிகளில் இப்படி வேறுபாடு இருந்தது என்று முஸ்லிம் நூல்களே சொல்கின்றனவே. மூன்றாம் கலீபா உஸ்மான் ஒரே படியை நிலைநாட்டினார் என்ற செய்திக்கே இந்த ஏடு ஒரு சாட்சி மாதிரி நிற்கிறது.

கார்பனை விட்டுத்தள்ளுங்கள், எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். அல்லாஹ்வின் அருள் என்று பொருள்படும் நிஃமத் அல்லாஹ் என்ற தொடரைக் குர்ஆனில் சில இடங்களில் ஒரு விதமாகவும் சில இடங்களில் வேறு விதமாகவும் எழுதுவார்கள். எங்கே எந்த விதம் என்பதற்கு இலக்கணக் காரணம் ஒன்றும் கிடையாது. மொழியியல் ஆய்வாளர் மரைன் வான் புட்டன் 2019-ல் பழைய ஏடுகளை எடுத்து ஒப்பிட்டார். வேறு வேறு ஊர்களில் எழுதிய ஏடுகள், ஆனால் அந்தந்த இடத்தில் அந்தந்தக் கூட்டல் அப்படியே ஒத்துப்போகிறது. காதால் கேட்டு எழுதினால் இது நடக்காது. ஒரே எழுத்துப் படியைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து நகல் எடுத்தால்தான் நடக்கும். அதுவும் 7-ஆம் நூற்றாண்டிலேயே.

ஓலைச்சுவடி:
அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த நூற்றாண்டில் யாராவது குர்ஆனை உட்கார்ந்து எழுதியிருந்தால், அலீக்கும் முஆவியாவுக்கும் நடந்த சண்டை, கலீபா பதவி யாருக்கு, சிரியாவைப் பிடித்தது எல்லாம் முன்னறிவிப்பாகவாவது உள்ளே நுழைந்திருக்கும். ஹதீஸ்களில் அப்படி நிறைய நுழைந்திருக்கிறது. குர்ஆனில் இல்லை. அது காட்டும் வெளியுலகச் செய்தி ரோமர்கள் பக்கத்து நாட்டில் தோற்றார்கள், மறுபடி ஜெயிப்பார்கள் என்பது. பாரசீகர்கள் ஜெருசலேமைப் பிடித்தது 614-ல், அந்தக் காலத்தோடு ஒட்டிவரும் செய்தி. இதுவும் டானர் வாதம்தான்.

வரலாற்றாய்வாளர் பட்ரிசியா க்ரோன் பெயரைச் சொல்லித்தான் வீடியோக்காரர்கள் பெரும்பாலும் பேசுவார்கள். மைக்கேல் குக்கோடு சேர்ந்து 1977-ல் இஸ்லாமிய நூல்களை ஓரம்கட்டிவிட்டு வெளியார் குறிப்புகளை மட்டும் வைத்தே வரலாறு எழுதிப் பார்த்தவர் அவர். மக்காவின் வாசனைப் பொருள் வணிகம் வெறும் கற்பனை என்று 1987-ல் தனிப் புத்தகமே போட்டார். அவ்வளவு கறாரான ஆள் 2006-ல் எழுதிய கட்டுரையில், முஹம்மது வாழ்ந்தார் என்பதில் சந்தேகமே இல்லை, அதற்கான சான்று அசாதாரணமாக நன்றாக இருக்கிறது என்கிறார். நபி மதீனா மக்களோடு செய்துகொண்டதாக வரும், மதீனா சாசனம் என்று சொல்லப்படும் ஒப்பந்தத்தையும் உண்மையான பழைய ஆவணம் என்றே ஏற்றார்.

கடலோரவாசி:
பெட்ரா?

தேன்மொழி:
பழைய மசூதிகளின் கிப்லா, அதாவது தொழும் திசையைச் செயற்கைக்கோள் படத்தில் அளந்து, பெட்ராவைப் பார்க்கிறது என்கிறார்கள். அந்தக் காலத்தில் யாரிடமும் ஜிபிஎஸ் கிடையாது. கிப்லாவைக் கணக்கிடும் வானியல் முறையெல்லாம் 9-ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான் சூடுபிடிக்கிறது. அதற்கு முன் சூரியன் உதிக்கும் திசை, நட்சத்திரம், ஏற்கெனவே நிற்கும் ரோமர் கட்டடத்தின் சுவர் என்று எதையாவது பிடித்துக் கட்டினார்கள். இஸ்லாமிய வானியலிலேயே வாழ்நாளைக் கழித்த டேவிட் கிங் இதை விரிவாக மறுத்திருக்கிறார்.

மட்டுறுத்துநர்:
பெட்ரா பற்றி வந்த மற்ற பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்திவிட்டேன். மதத்தைத் திட்டியும் ஆளைத் திட்டியும் வந்த சில பதிவுகள் நீக்கப்பட்டன. இங்கே ஆதாரம் மட்டும்.

கடலோரவாசி:
நன்றி. அப்படியென்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்த 570-ல் பிறந்தார் என்பது உறுதியா?

ஓலைச்சுவடி:
அங்கேதான் இரண்டாவது கேள்வி தலைதூக்குகிறது. மரபுப்படி அவர் பிறந்தது யானை ஆண்டில், யமனை ஆண்ட அப்ரஹா யானையோடு மக்காவைத் தாக்க வந்த வருடம். அப்ரஹா நிஜ ஆள். முரைகான் என்ற இடத்தில் அவருடைய படையெடுப்புக் கல்வெட்டு இருக்கிறது, யமனின் ஹிம்யர் ஆண்டுக் கணக்கில் 662, நமக்கு 552. 570 வரை அவர் ஆண்டார் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. லாரன்ஸ் கான்ராட் 1987-ல் இதைப் பற்றி எழுதியபோது, நாற்பது வயதில் நபித்துவம் என்பதில் வரும் நாற்பது அந்தப் பகுதி இலக்கியத்தில் முழுமையைக் குறிக்கும் எண், அதிலிருந்து பின்னோக்கிக் கழித்துத்தான் 570 வந்திருக்கிறது என்று காட்டினார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

அபூ ரய்யான்:
யானை ஆண்டுக்கும் பிறப்புக்கும் நடுவில் எத்தனை வருடம் என்பதில் பழைய ஆலிம்களே (மார்க்க அறிஞர்களே) பல கருத்து சொல்லியிருக்கிறார்கள். பிறந்த வருடம் எங்கள் ஈமானில் (நம்பிக்கையில்) ஒரு பகுதி இல்லை, அதனால் இதில் எனக்கு நெருடல் ஒன்றும் இல்லை. ஆனால் நாற்பது என்ற எண் வந்தாலே கற்பனை என்பதை ஏற்கமாட்டேன். நாற்பது வயதில் எதுவுமே நடக்காதா என்ன?

சந்தேகப்பேர்வழி:
பிறந்த வருடத்தை விட்டுக்கொடுத்தீர்கள், சரி. இறந்த வருடம்? யாக்கோபு நூலோடு நிற்கவில்லை, நபியே பாலஸ்தீனப் படையெடுப்பை நடத்தினார் என்கிற தொனியில் பல பழைய வெளியார் குறிப்புகள் இருப்பதாக ஆய்வாளர் ஸ்டீஃபன் ஷூமேக்கர் 2012-ல் ஒரு புத்தகம் முழுக்க வாதிட்டிருக்கிறார். அப்படியானால் 632 என்னாவது? அப்புறம், ஆள் இருந்தாரா இல்லையா என்று நான் எங்கே சண்டை போட்டேன்? வீடியோக்காரர் சொன்னதையெல்லாம் என் தலையில் கட்டாதீர்கள். என் கேள்வி ஆரம்பத்திலிருந்தே ஸீரா மேல்தான்.

ஓலைச்சுவடி:
ஷூமேக்கரைப் படித்திருக்கிறேன். தூரத்தில் கிரேக்கமும் சிரியாக்கும் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு அரபிப் படையின் தலைவர் முஹம்மதா, அவருக்குப் பின் வந்த கலீபா அபூபக்கரா என்பது தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை, முஹம்மதின் ஆட்கள் என்பதை முஹம்மது வந்தார் என்று எழுதுவது சுலபம். எனக்கு 632 தான் பலமாகப் படுகிறது. தோமாகூட முஹம்மதின் அரபிகள் என்றுதான் சொல்கிறார், முஹம்மது வந்தார் என்று இல்லை. யாக்கோபு நூலை எழுதிய காலத்தையே சிலர் பின்னால் தள்ளுகிறார்கள், அதைத் தனியாகப் பேசவேண்டும். நாளை எழுதுகிறேன், இப்போது மணி பார்த்தால் ஒன்று தாண்டிவிட்டது.